தோழிக்கு இடமில்லாத மணவறை

கண்டியில் பல்லாண்டு காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' (2011) என்ற ஹொலிவூட் நகைச்சுவைப் படத்தை அண்மையில் பார்த்துவிட்டு என்னிடம் இரண்டு தீர்ப்புகளை வழங்கினார். ஒன்று, பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பதை வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான். மற்றையது, சிநேகிதியின் கல்யாணத்தில் முட்டி மோதும் இந்தக் கூத்து நமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது. நண்பர் மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் இரண்டு தீர்ப்புகளும் பிழையானவை. இதே பேச்சை வேறு பலரிடமும் கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

அவர் 'பிரைட் வோர்ஸ்' (2009) படத்தைச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருக்க மாட்டேன். அதில் ஆன் ஹத்தவேயும் கேற் ஹட்சனும் பால்ய சிநேகிதிகள். நியூயோர்க் பிளாசா ஹோட்டலில் மணம் முடிப்பது இருவரதும் சிறுவயதுக் கனவு. பதிவில் நேர்ந்த தவறால் இரு கல்யாணங்களும் ஒரே நாளில் விழுந்துவிடுகின்றன. (ஆடியையும் மார்கழியையும் தள்ளி, எஞ்சிய முகூர்த்த நாட்களுக்கு மண்டபம் தேடி அலைந்த எந்தத் தமிழ்த் தகப்பனுக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.) அப்புறம் ஒருத்தியின் கூந்தல் நீலமாகிறது, மற்றவளின் மேனி செம்மஞ்சளாகிறது. தவறு நடந்தது பதிவேட்டில். அடித்துக்கொள்பவர்கள் பெண்கள். சிரிப்பு முழுவதும் அவர்கள் தலையிலேயே கொட்டப்படுகிறது. மோசமான படம்.

'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' அப்படியல்ல. முதலில், அதை எழுதியவர் வெள்ளைக்காரன் அல்லர். கிறிஸ்டன் விக், ஆனி மமோலோ என்ற இரு பெண்கள் எழுதினார்கள். போல் ஃபீக் இயக்கினார். திரைக்கதைக்கு ஒஸ்கார் நியமனமும் கிடைத்தது. கதாநாயகி ஆனி, பொருளாதார வீழ்ச்சியில் தன் கேக் கடையை இழந்தவள். உயிர்ச் சிநேகிதி லிலியனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அங்கே ஹெலன் என்ற செல்வச் சீமாட்டி புதிய தோழியாக வந்து நிற்கிறாள். லாஸ் வேகாஸ் செல்லும் விமானத்தில் மற்றவர்கள் முதல் வகுப்பில் அமர, ஆனி மாத்திரம் பின்னால் சாதாரண வகுப்பில் இருக்கிறாள். டிக்கெட்டுக்குத் தான் பணம் தருவதாக ஹெலன் சொல்கிறாள், ஆனி மறுக்கிறாள். மணப்பெண்ணுக்கான விருந்தில் ஆனி கொண்டுவருவது சிறுவயது நினைவுகளை அடுக்கிய ஒரு பெட்டி. ஹெலன் கொடுப்பதோ பாரிஸ் பயணம்.

ஆடைக்கடையில் வயிற்றுப்போக்கு வரும் அந்தப் பிரசித்தமான காட்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படத்தை ஆபாசம் என்பவர்கள், அந்த விமானத்தின் திரைச்சீலையைக் கவனிக்கவில்லை. இது பொறாமையின் கதையன்று. கல்யாணம் கேட்கும் பணம் கையில் இல்லாதவளின் கதை.

அந்தத் திரைச்சீலை கண்டியிலும் தொங்குகிறது. பேராதனைப் பூங்காவிலும் ஹந்தானைச் சரிவிலும் கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்புகளைக் காணாதவர் யார்? மணப்பெண்ணைச் சுற்றி ஒரே நிறச் சேலையில் ஐந்தாறு தோழியர் நிற்பர். சேலை, சட்டைத் தையற்கூலி, ஒப்பனை எல்லாம் பெரும்பாலும் அவரவர் செலவு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது 2021 இல். 1,350 ஆனது 2024 இல். நகரத்துத் துணிக்கடையில் நிற்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தாய் தெல்தோட்டைப் பக்கம் கொழுந்து பறிக்கிறார். பள்ளிச் சிநேகிதியின் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். சேலைக்குக் காசு இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. "அவளுக்கு எரிச்சல்" என்று ஊர் பேசிற்று. பெண்ணுக்குப் பெண் எதிரி என்ற பழமொழி இப்படித்தான் வயிறு வளர்க்கிறது.

இனிப் பண்பாட்டுக்கு வருவோம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் என்பதை நண்பர் தூக்கத்திலும் சொல்வார். பரீட்சைக்கு அதுதான் வரும். ஆனால் அந்த 261 அடிகளையும் பேசுபவள் யார்? தோழி. தலைவியின் காதலைச் செவிலித்தாயிடம் எடுத்துரைத்து, அவளுக்கு அவன்தான் என்று வழக்காடுகிறாள் அவள். அறத்தொடு நிற்றல் என்று இலக்கணமே பெயர் வைத்தது. களவு கற்பாவதற்கு வழிதிறப்பவள், மணம் முடிக்காமல் இழுத்தடிக்கும் தலைவனைக் கடிந்துகொள்பவள், எல்லாம் அவளே. உலக இலக்கியத்தில் ஒரு பெண்ணின் சிநேகிதிக்கு இத்தனை வாய் கொடுத்த மொழிகள் அதிகமில்லை.

அந்தத் தோழிக்கு இன்றைய மணவறையில் என்ன இடம்? யாழ்ப்பாணத்துச் சடங்கில் தோழி எனப்படுபவர் மாப்பிள்ளையின் சகோதரி. வேறு பல இடங்களில் மூன்றாம் முடிச்சைப் போடுபவர் நாத்தனார். மணப்பெண்ணோடு பள்ளி சென்றவளுக்கு அங்கே கடமை எதுவுமில்லை. புகைப்படத்தில் ஓரத்தில் நிற்கலாம், சேலை இருந்தால்.

சினிமாவில் இன்னும் மோசம். 'நாடோடிகள்' (2009), 'பாஸ் என்கிற பாஸ்கரன்' (2010), 'ஒரு கல் ஒரு கண்ணாடி' (2012) என்று, நண்பனின் காதலுக்காக உயிரையோ மானத்தையோ விடும் ஆண்களுக்குக் குறைவில்லை. கதாநாயகியின் சிநேகிதிக்கு அநேகமாகப் பெயர்கூட நமக்கு நினைவிருப்பதில்லை. அலுவலகப் பெண்கள் மூவர் சேர்ந்து முதலாளியை மடக்கும் 'மகளிர் மட்டும்' வந்தது 1994 இல். அதே தலைப்பில் இன்னொரு படம் 2017 இல் வந்தது. இரண்டிலும் ஊர்வசி இருக்கிறார் என்பது ஒரு தற்செயல். ஆனால் இடையே 23 ஆண்டுகள் என்பதை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. இரண்டாவது படத்தில், பள்ளிப் பருவத்தோடு பிரிந்து வெவ்வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட மூன்று சிநேகிதியரைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் ஒன்றுசேர்ப்பவள், அவர்களில் ஒருத்தியின் வீட்டுக்கு மருமகளாக வரவிருக்கும் பெண். அந்த மூவரும் ஒருவரையொருவர் எதிரியாக நினைத்துப் பிரிந்தவர்கள் அல்லர்.