வறுமைக்குச் சூட்டிய பெயர் 'மந்தம்'

"அந்தப் பையனுக்குப் படிப்பு ஏறாது, தாய் தகப்பனுக்கும் அக்கறை இல்லை." தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைகளில் இத்தீர்ப்பு இன்றும் எளிதாக வழங்கப்படுகிறது. காலையில் அவன் உண்டானா, வீட்டில் புத்தகம் விரிக்க இடமுண்டா என்று விசாரிப்பாரில்லை. வறுமை செய்த குற்றத்திற்குப் பிள்ளை தண்டிக்கப்படுகிறான்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பது வரலாறு அறியாதார் கூற்று. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் போன்றோர் வழிகாட்ட, வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. துப்பாக்கிக்கு முன் நின்று, உயிரும் கொடுத்துக் கல்வி கேட்டோரின் வழித்தோன்றல்களையா அக்கறையற்றோர் என்பது?

பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்தது. படிக்கும் பொழுதைத் தரவில்லை. கங்காணியும் கிராணியுமே பல இடங்களில் வாத்தியார். விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குச் செல்ல, மூத்த பிள்ளை தம்பி தங்கையரைக் காத்தது. அல்லது ஒட்டுப்பால் பொறுக்கப் போயிற்று. அதே காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து எழுத்தர் பலரின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் பயின்று உயர்ந்தனர். இரு சாராரும் தமிழரே. வேற்றுமை அறிவில் இல்லை, வருவாயில் இருந்தது.

தோட்டங்கள் மறைந்தன. வறுமை லயத்தைவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா மலிவு விலை வீடுகளில் வாழும் பல இனக் குழந்தைகளைப் பற்றி யூனிசெப் 2018-இல் ஆய்வொன்றை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை. 5, 6 வயதினரில் பாதிப் பேரே பாலர் பள்ளி சென்றனர்.

பாடநூல் இரவல் உண்டு, துணையுணவு உண்டு, தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். இனி என்ன குறை என்பர் சிலர். குறை முதலாம் ஆண்டிலேயே தொடங்குகிறது. பாலர் பள்ளி காணாத பிள்ளை எழுத்தறியாமல் வந்து அமர்கிறது. உடனிருந்து சொல்லித்தர வேண்டிய தாய் இரவு வேலையில் இருக்கிறாள். முதல் மாதப் பின்னடைவு ஆறாண்டும் வளர்கிறது. பின்னர்ப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுகிறது. அவ்வாண்டின் பேருந்துச் செலவும் கூடுகிறது. அங்கேயே படிப்பை விடுவோரும் உண்டு.

வறுமையிலும் படித்து மருத்துவரானோர் இல்லையா என்று கேட்பர். உண்டு. ஒருவன் ஆற்றை நீந்திக் கடந்தான் என்பதற்காகப் பாலம் வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை.

பாலத்தைக் கட்டுவது சமுதாயத்தின் கடமை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் பாலர் வகுப்பு அமைய வேண்டும். கட்டணம் கட்ட இயலாதார்க்கு ஆலய நிருவாகங்களும் சங்கங்களும் அதனை ஏற்க வேண்டும். திருவிழாவில் ஒரு நாள் ஒளிவிளக்குக்குச் செலவிடுவோர் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றை நடத்தலாம். ஆசிரியர் கடமையோ இதனினும் முந்தியது. கடைசி வரிசையில் இருத்தப்பட்ட பிள்ளையை முன்வரிசைக்கு அழைக்கப் பணம் வேண்டியதில்லை. மந்தம் என்று குறிப்பேட்டில் எழுதுமுன் அவன் வீட்டுப் படியை ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். பார்த்தவர் அச்சொல்லை எழுதமாட்டார்.