விளிம்பில் எத்தனை ஸ்க்ரூ?

தரங்கம்பாடியிலிருந்து கொள்ளிடக்கரை வரை, ஷீட் கூரைக்காக எழுதித் தரப்படும் கொட்டேஷன்களில் ஷீட்டின் கம்பெனி இருக்கும், கனம் இருக்கும், நிறம் இருக்கும், சதுர அடி விலை இருக்கும். எந்த ஸ்க்ரூ, எத்தனை, எங்கே எவ்வளவு நெருக்கமாக என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. ‘ஸ்க்ரூ, ரிட்ஜ் உட்பட’ என்பதோடு முடிந்துவிடும். கனம் 0.45 மி.மீட்டரா 0.50 மி.மீட்டரா என்று வீட்டுக்காரரும் பட்டறைக்காரரும் நெடுநேரம் பேசுகிறார்கள். ஸ்க்ரூவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் சொல்வதில்லை. புயல் காற்றில் ஒரு கூரை நிற்பதும் போவதும் விளிம்பில் அதற்குள்ள பிடிமானத்தைப் பொறுத்தது. ஷீட்டின் கனத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. மாடி ஷெட், ரைஸ் மில் குடோன், கல்யாண மண்டபம், நெல் கொள்முதல் நிலையக் கொட்டகை என்று டெல்டா முழுவதும் ஷீட் கூரை பரவிவிட்ட இந்தக் காலத்தில், பணம் எங்கே செலவாக வேண்டுமோ அங்கே செலவாகவில்லை என்பதே எங்கள் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, 2015-ல் திருத்தப்பட்டது. அடிப்படைக் காற்று வேகமாக அது புதுச்சேரிக்கு நொடிக்கு 50 மீட்டரும் திருச்சிக்கு 47 மீட்டரும் தருகிறது. இரண்டுக்கும் நடுவே, கடலை ஒட்டி இருக்கும் நம் மயிலாடுதுறை மாவட்டத்தில் 50 என்று வைத்துக்கொள்வதே முறை. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் திடீர் வீச்சு அது. அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ, நம் தொழில் வழக்கில் சொன்னால் சதுர அடிக்கு 14 கிலோ. 0.50 மி.மீ. ஷீட்டின் எடையோ சதுர அடிக்கு அரைக் கிலோகூட இல்லை. 0.45-லிருந்து 0.50-க்கு மாறினால் கூடும் எடை சதுர அடிக்குச் சுமார் 40 கிராம். 14 கிலோ இழுப்புக்கு எதிரே இந்த 40 கிராம் எந்தக் கணக்கிலும் வராது. கனமான ஷீட் மிதிபட்டால் எளிதில் நசுங்காது, ஆலங்கட்டிக்கும் தேங்காய் விழுவதற்கும் கொஞ்சம் தாங்கும், அதிர்வுச் சத்தம் குறையும். அந்தப் பயன்களை மறுக்கவில்லை. காற்றைத் தாங்குவதற்காகக் கனம் வாங்குகிறோம் என்ற நினைப்புத்தான் தவறு.

இழுப்பு கூரை முழுவதும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. காற்று சுவரில் மோதி மேலேறி, கூரையின் ஓரத்தில் பிய்ந்து சுழலும் இடத்தில்தான் உறிஞ்சல் மிகக் கடுமை. சாய்வு குறைந்த கூரையின் மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் விதி தரும் உள்ளூர் அழுத்தக் கெழு, சாய்வு 5 அல்லது 10 பாகையானால் 1.4, தட்டையான கூரையில் 2.0. இதோடு உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். சுவர்ப் பரப்பில் 5 முதல் 20 விழுக்காடு திறப்பு இருந்தால் 0.5, அதற்கும் மேல் என்றால் 0.7. ரைஸ் மில்லின் லாரி வாசல் ஷட்டர் ஒன்று காற்றில் பிய்ந்தால் போதும், கூரைக்கு அடியிலும் காற்று புகுந்து தூக்கத் தொடங்கிவிடும். 1.4-ஐயும் 0.5-ஐயும் கூட்டி, முன்பு சொன்ன 14 கிலோவால் பெருக்கினால் மூலையில் சதுர அடிக்கு 26 கிலோவைத் தாண்டும் இழுப்பு. விதியிலுள்ள சில குறைப்புக் காரணிகளைச் சேர்த்தால் இது சற்று இறங்கலாம், வாதம் மாறாது. இந்த ஓரப் பட்டையின் அகலம் கட்டட அகலத்தில் 15 விழுக்காடு அல்லது உயரம், இதில் எது சிறியதோ அது. 20-க்கு 30 அடி மாடி ஷெட்டில் சுற்றிலும் மூன்று மூன்று அடி. 600 சதுர அடியில் 264 சதுர அடி ஓரமாகவே போய்விடுகிறது, முகட்டை ஒட்டிய பட்டை தனி. சிறிய ஷெட்டில் ஏறக்குறைய பாதிக் கூரை ஓரம்தான் என்பது பலர் கவனிக்காத செய்தி. மழைச் சாரலுக்காக நாம் விடும் இரண்டடி, மூன்றடித் தாழ்வார நீட்டல் இன்னும் மோசம். அதற்கு மேலே உறிஞ்சல், கீழே நேரான மோதல்.

நம் பழைய கூரைகள் இந்த இடத்தில் தவறான நம்பிக்கை தருகின்றன. தாத்தா காலத்து ஓட்டு வீடு எத்தனையோ புயல் பார்த்ததே என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. நாட்டு ஓட்டுக் கூரை ஷீட்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் எடை கொண்டது. ஓடுகளின் இடுக்குகள் வழியே காற்று கசிவதால் மேலும் கீழும் அழுத்த வேறுபாடு தணியும். சாய்வும் அதிகம். நாம் இன்று போடும் மாடி ஷெட் எடையற்றது, இடுக்கற்றது, சாய்வும் குறைந்தது, மாடி உயரத்தில் ஏறி நிற்பது. எடை செய்த வேலையை இனி ஸ்க்ரூதான் செய்தாக வேண்டும்.

ஒரு மீட்டர் அகலம் மூடும் ஷீட், அதைக் கீழிருந்து தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் நாலடிக்கு ஒன்று, ஒவ்வொரு பர்லினிலும் ஷீட்டுக்கு மூன்று ஸ்க்ரூ என்றால், மூலையில் ஒரு ஸ்க்ரூவின் தலையில் விழும் இழுப்பு ஏறத்தாழ 115 கிலோ. ஐந்து ஸ்க்ரூ என்றால் 70 கிலோ. ஓரத்திலிருந்து இரண்டாவது பர்லினில் ஷீட்டின் தொடர்ச்சியால் சுமை இன்னும் கூடும். நம் சைட்களில் நெருக்கமாக ஸ்க்ரூ போட்டாலும் கடைசிப் பர்லினில் மட்டும்தான் போடுகிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம். ஸ்க்ரூ உருவிக்கொண்டு வராமல் இருப்பது அது இறங்கியிருக்கும் பர்லின் சுவரின் கனத்தைப் பொறுத்தது. 1.2 மி.மீ. பைப்பில் கிடைக்கும் பிடியைவிட 2 மி.மீ. பைப்பில் கிடைக்கும் பிடி மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். ஆகவே கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தால் அது போக வேண்டிய இடம் பர்லின் சுவர். ஷீட்டின் கனத்துக்கு அது போவது வீண்.

ஒரு முறை இழுத்துப் பார்த்துச் சொல்லும் பலம் புயலுக்குப் போதாது என்பதற்கு உலகறிந்த சான்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம். 1974 டிசம்பர் 25 அதிகாலையில் டிரேசி புயல் அந்த நகரத்தைத் தாக்கியது. மணிக்கு 217 கிலோமீட்டர் வீச்சைப் பதிவு செய்ததோடு விமான நிலையத்துக் காற்றுமானி நின்றுபோனது. நகரத்துக் கட்டடங்களில் சுமார் 70 விழுக்காடு அழிந்தன. ஆய்வு செய்தவர்கள் கண்டது இது: கூரைகளில் பெரும்பாலும் மெல்லிய, கடினமான எஃகு ஷீட்கள். காற்றின் ஏற்ற இறக்கத்தில் அவை மேலும் கீழும் அசைந்து அசைந்து, ஸ்க்ரூத் தலையைச் சுற்றி விரிசல் விட்டு, துளை பெரிதாகி, ஸ்க்ரூவைப் பர்லினிலேயே விட்டுவிட்டுப் பறந்தன. ஒரு ஸ்க்ரூ விட்டதும் அதன் சுமை பக்கத்து ஸ்க்ரூவில் ஏற, வரிசையாகக் கழன்றன. அதற்குப் பிறகு அந்நாட்டில் ஷீட்டையும் ஸ்க்ரூவையும் ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட்டுச் சோதிக்கும் முறை வந்தது. ஷீட்டின் மேட்டு வடிவத்துக்கு ஏற்ற அகலமான புயல் வாஷர்கள் வந்தன. டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் புயல் சோதனை நிலையம் 1977-ல் தொடங்கியது. நாம் இன்று வாங்கும் கலர் ஷீட்டும் பெரும்பாலும் அதே மெல்லிய கடின எஃகு வகைதான். நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை அதற்குக் குறைவு, விரிசல் எளிது.

மேட்டில் ஸ்க்ரூ போடுவதா பள்ளத்தில் போடுவதா என்ற பழைய வழக்குக்கு இதிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. மேட்டில் போட்டால் தண்ணீர் நிற்காது என்பது உண்மை. ஆனால் அங்கே ஷீட்டுக்கு அடியில் தாங்கல் இல்லை. காற்றில் மேடு நசுங்கி நசுங்கி எழும், விரிசலும் அங்கேதான் பிறக்கும். பள்ளத்தில் ஷீட் பர்லினோடு ஒட்டி நிற்பதால் பிடி உறுதி, ஒழுக்குத்தான் பயம். எங்கள் கருத்தில், ஓரப் பட்டைகளில் பள்ளத்தில் போடுவது நல்லது. மேட்டில்தான் போடுவேன் என்றால் அகலமான வடிவ வாஷர் இல்லாமல் போடக் கூடாது. பழைய ஜே போல்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: மேல்நோக்கி இழுக்கும்போது கொக்கி விரிந்து நிமிரும், ஷீட் பறந்துவிடும். புயலைத் தாங்கும் தாழ்ந்த கட்டடங்களுக்கான ஐ.எஸ். 15498, 2004-ல் வந்த விதி, ஓரங்களில் பிடிமானத்தை நெருக்கச் சொல்கிறது, ஷீட்டின் மேல் இரும்புப் பட்டை ஓட்டிப் பர்லினோடு பிணைக்கும் வழியையும் காட்டுகிறது. ஏற்கெனவே போட்ட ஷெட்டுக்கு இதைவிட மலிவான மராமத்து வேறு இல்லை. கடலோரத்தில் துரு இன்னொரு கேள்வி. பூம்புகாரிலோ பழையாறிலோ போடும் ஷீட்டின் பூச்சுக்குக் கம்பெனி ஆண்டுக்கணக்கில் உத்தரவாதம் தரும். கடையில் கிலோக்கணக்கில் வாங்கும் ஸ்க்ரூவுக்கு அப்படி யாரும் தருவதில்லை. ஷீட் பளபளவென்று இருக்கும், தலை அரித்த ஸ்க்ரூ ஒரு புயலுக்காகக் காத்திருக்கும்.

இதற்குத் தொழில் செய்பவர்கள் சொல்லும் மறுப்புகளை நாங்கள் அறிவோம். துளை கூடினால் ஒழுக்கும் கூடும் என்பது முதலாவது. ஒழுக்கு துளையின் எண்ணிக்கையால் வருவதில்லை, துளை போடும் கையால் வருகிறது. கோணலாக இறங்கிய ஸ்க்ரூ, டிரில்லை அழுத்தி முறுக்கியதில் ரப்பர் வாஷர் பிதுங்கி வெளியே வந்த ஸ்க்ரூ, வாஷருக்கு அடியில் துடைக்காமல் விட்ட இரும்புத் துகள், பர்லினைத் தவறவிட்டுத் திரும்பக் கழற்றிய வெறும் துளை ஆகியவைதான் ஒழுகுகின்றன. அளவாக முறுக்கத் தெரிந்தவர் போடும் ஐந்து ஸ்க்ரூ ஒழுகாது, தெரியாதவர் போடும் இரண்டும் ஒழுகும்.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஷீட் பறந்தால் ட்ரஸ்ஸும் காலும் தப்பும், ஷீட்டை இறுக்கிக் கட்டினால் ஷெட்டே தூக்கிக்கொண்டு போகும் என்று அனுபவம் உள்ள பலரும் சொல்கிறார்கள். பாதி உண்மை அதில் இருக்கிறது. ஸ்க்ரூவில் பிடித்த இழுப்பு பர்லின், ட்ரஸ், கால், பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட் வழியாகக் கீழே காங்கிரீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், இடையில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கே அறும். அதே 600 சதுர அடி ஷெட்டில் சராசரியாகச் சதுர அடிக்கு 14 கிலோ இழுப்பு என்று கொண்டால் மொத்தம் 8 டன்னுக்கு மேல். எட்டுக் கால் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு டன் அளவு. அந்தக் காலைக் கைப்பிடிச் சுவர்ச் செங்கலில் சொருகிச் சிமெண்ட் பூசியிருந்தால் அது நிற்காது என்பது சரியே. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு காலையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதுதான், ஷீட்டைப் போகவிடலாம் என்பதல்ல. ஏனென்றால் பறக்கும் ஷீட் வீட்டுக்காரரின் நட்டத்தோடு நிற்பதில்லை. கத்தியைப் போல முனையுள்ள பத்தடித் தகடு மின்கம்பியில் விழுகிறது, பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்து அங்கேயும் காற்றைப் புகவிடுகிறது, தெருவில் போகிறவரை வெட்டுகிறது. ட்ரஸ்ஸைக் காப்பாற்றுவதற்காக ஊரின் மேல் தகடுகளை வீசுவது எந்தத் தொழில் நியாயத்திலும் அடங்காது.

நம் பக்கம் அவ்வளவு பெரிய காற்று வரவில்லையே என்பது மூன்றாவது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வடக்கே கடலூர்ப் பக்கம் கரையேறியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா தெற்கே வேதாரண்யம் பக்கம் ஏறியது. 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரியை ஒட்டி ஏறியது. மூன்றும் நம்மைத் தவிர்த்தே கரையேறியதால், இந்த ஆண்டுகளில் நாம் போட்ட மாடி ஷெட்களில் பெரும்பாலானவை முழு வேகப் புயலைச் சந்திக்கவே இல்லை. நின்றிருப்பதால் அவை பலமானவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதே கரையில் 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை அடித்த புயலைக் கண்டவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

செலவைப் பற்றிய மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஸ்க்ரூக்களை ஓரங்களில் மூன்றிலிருந்து ஐந்தாக்கினால் கூடும் தொகை, ஷீட்டின் கனத்தை ஒரு படி ஏற்றும் தொகையைவிடச் சிறியது. வாடிக்கையாளர் கேட்பதில்லை என்பது உண்மைதான். கேட்கும்படி எழுதிக் காட்டுவது நம் வேலை. எழுதிக் காட்டும் பழக்கத்துக்கு வேறிடத்தில் முன்மாதிரி உண்டு. பனி கொட்டும் நாடுகளில் ஷீட் கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து ஆட்கள் மேல் விழாமல் இருக்கத் தாழ்வாரத்தில் தடுப்புகள் பொருத்துவார்கள். கூரையின் சாய்வு, நீளம், அந்த ஊரின் பனிச் சுமை மூன்றையும் கணக்கிட்டு எத்தனை வரிசை, எத்தனை தடுப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று எழுதித் தந்த பிறகே நல்ல பொருத்துநர் கூரையில் ஏறுகிறார். அங்கே சுமை சாய்வில் கீழே இறங்குகிறது, இங்கே மேலே தூக்குகிறது. கூரையில் ஒரு பொருளைப் பொருத்துமுன் அதன் மேல் வரும் சுமையைக் கேட்கும் அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும். பொதுக் கட்டடங்களில் இது இன்னும் கட்டாயம். கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள், புயலுக்குப் பிறகு இயங்க வேண்டிய மருத்துவமனை, பள்ளி, தங்குமிடம் போன்றவற்றுக்கு ஐ.எஸ். 875 காற்று வேகத்தை 1.3 மடங்காக்குகிறது. அழுத்தத்தில் அது ஏறக்குறைய 70 விழுக்காடு கூடுதல். தொழிற்கட்டடங்களுக்கு 1.15 மடங்கு, ரைஸ் மில்களும் இதில் அடங்கும். மயிலாடுதுறை நகரமும் இந்த 60 கிலோமீட்டருக்குள் வருகிறது. நெல் மூட்டை அடுக்கிய திறந்த கொட்டகைகளில், காற்றை மூட்டைச் சுவர் மறிப்பதால் கூரையைத் தூக்கும் விசை கூடும். அடுக்காத கொட்டகைக்குப் போட்ட கணக்கு அங்கே செல்லாது.

அடுத்த கொட்டேஷனிலிருந்து நான்கு விவரங்களைத் தனி வரிகளாக எழுதுங்கள்: ஓரப் பட்டையிலும் நடுவிலும் பர்லினுக்கு எத்தனை ஸ்க்ரூ, ஸ்க்ரூவின் அளவும் பூச்சும், பர்லின் சுவரின் கனம், ஒவ்வொரு காலுக்கும் எத்தனை ஆங்கர் போல்ட். ஐப்பசி பிறப்பதற்குள், நீங்கள் முன்பு போட்ட ஷெட்களில் கடலோரத்தில் இருப்பவற்றில் ஒரு முறை ஏறி, மூலைகளையும் இரண்டாவது பர்லினையும் பார்த்து, விடுபட்ட ஸ்க்ரூக்களை இறக்கிக் கொடுங்கள்.