கைவிட்டுப் போனவரும் தகப்பன்தான்

பெருங்களத்தூர், முடிச்சூர், ஊரப்பாக்கம் பக்கம் ஒற்றை அறை வாடகை வீட்டில் பிள்ளையைத் தனியாக வளர்க்கும் நம் பெண்கள் பலரை நாம் அறிவோம். விடியுமுன் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வீட்டுவேலைக்குக் கிளம்புகிறவர்கள். காதலித்துக் கட்டியவர், வீட்டார் சாதியைச் சொல்லி அழுததும் ஊருக்குப் போனார், திரும்பவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது பணம் கேட்டால், "தாலி கட்டினதுக்கு ரெக்கார்டு இருக்கா?" என்பதே பதில்.

திருமணப் பதிவு இல்லையென்றால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது என்று நம் பெரியவர்களே நம்பிவிடுகிறார்கள். அது தவறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவாக இருக்கிறது. பெற்றோரின் திருமணம் செல்லாது என்றாலும் பிள்ளைக்கு ஜீவனாம்சம் உண்டு என்கிறது அது. தகப்பன் இவர்தான் என்று காட்ட வேண்டும், அவ்வளவே. பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் படிவம், போனில் வந்த செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

"எனக்கு நிரந்தர வேலை இல்லை" என்பது அடுத்த சாக்கு. உடல் வலு உள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு 2020 நவம்பரில், ரஜ்னேஷ் - நேஹா வழக்கில், மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்றது. இருவரும் சொத்து, வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தாய் நன்றாகச் சம்பாதித்தால் பிள்ளையின் செலவில் அவருக்கும் பங்கு உண்டு என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. நியாயம்தான்.

நமக்குக் கோபம் வருவது பஞ்சாயத்தின் மீது. ஒரு தொகையைக் கையில் திணித்து, "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கும் கூட்டத்தில் நம் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். தாய் போட்ட கையெழுத்து பிள்ளையின் உரிமையை அழிக்காது.

வழக்குப் போடத் தகப்பன் ஊருக்கு ஓட வேண்டாம். பெண் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம். நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகும் என்பது நமக்குத் தெரியும். அதனால் இடைக்கால ஜீவனாம்சத்தை முதலிலேயே கேட்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் அதை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் பாக்கி மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே போய் வந்தாலும் கடன் தீராது. ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். இதைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம்.

சாதிச் சான்றிதழ் விஷயமும் உண்டு. தகப்பன் வேறு சாதி என்பதால் பிள்ளைக்குத் தாயின் சாதி கிடையாது என்று தாலுகா ஆபீசில் யாராவது சொன்னால், 2012-ல் குஜராத்தின் ரமேஷ்பாய் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுங்கள். தாயின் சமூகத்தில், அதே இழிவுகளைச் சுமந்து வளர்ந்த பிள்ளை அதை நிரூபித்துச் சான்றிதழ் பெறலாம்.