மாமா நடத்தும் வானொலி

வானொலியில் வேலை செய்கிறவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, "உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். "சத்தம் நின்றுபோவதை" என்றுதான் சொல்வார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காமல் மூன்று விநாடி போனால் போதும், எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பொறியாளர் முறைப்பார். நிர்வாகத்திலிருந்து மின்னஞ்சல் வரும். 'டெட் ஏர்' என்று அதற்குப் பெயர். செத்த காற்று!

அந்த அமைதியை நம்பியே நடக்கும் வானொலி ஒன்று இருப்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அதை நடத்துபவர் என் தாய்மாமா.

மாமாவுக்கு 58 வயது. கிள்ளான் பக்கம், இரும்புக் குழாய்களை அடுக்கி வைத்து விற்கும் ஒரு கிடங்கில் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டுகிறார். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் தண்டவாளம். அதன்மேல் குறுக்கே ஓடும் இரும்பு உத்தரம். உத்தரத்திலிருந்து தொங்கும் கொக்கி. 5 டன் தூக்கும். இதுவரை அதை ஓட்ட, மேலேயிருந்து தொங்கும் கேபிளின் முனையில் உள்ள பொத்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார், மாட்டைக் கயிற்றில் பிடித்துப் போவது மாதிரி. இப்போது கம்பெனி ரிமோட் மாட்ட முடிவு செய்துவிட்டது.

"சனிக்கிழமை மத்தியானம் வேலை நிறுத்திட்டுத்தான் மாட்டுறாங்க. வந்து பாரு பாப்பா, அதுவும் ரேடியோதான்" என்று கூப்பிட்டார். பாதுகாப்பு அதிகாரியிடம் அவரே அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். எனக்குக் கொடுத்த சேஃப்டி பூட்ஸில் இன்னொரு கால் போடலாம், அவ்வளவு பெரியது.

ரிமோட் என்றதும் வீட்டு டிவி ரிமோட்டை நினைக்காதீர்கள். இது கையில் செங்கல் மாதிரி கனக்கிறது. மேலே சிவப்பாகக் காளான் போல ஒரு நிறுத்தப் பொத்தான், பக்கத்தில் ஒரு சாவி, கீழே மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று ஆறு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அழுத்தம். பாதி அழுத்தினால் மெதுவாகப் போகும், முழுக்க அழுத்தினால் வேகம். டிவி ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வேலை செய்கிறது. நடுவில் ஆள் நின்றால் மறைந்துவிடும். இதுவோ நிஜமான வானொலி அலை. பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். எங்கள் பண்பலையெல்லாம் 88 முதல் 108க்குள் அடங்கிவிடும். எங்கள் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், இதற்கு 70 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதனால்தான் 17 சென்டிமீட்டர் கம்பியே இதற்கு ஆன்டெனாவாகப் போதும். சக்தியும் மில்லிவாட் கணக்குதான். நாங்கள் மலை உச்சியில் கோபுரம் கட்டி கிலோவாட் கணக்கில் கத்துகிறோம். மாமா ஒரு கிடங்குக்குள் கிசுகிசுக்கிறார்.

மாட்ட வந்தவர் ஒரு சீன டெக்னீஷியன், முப்பது வயதிருக்கும். வந்ததும் கருவிப்பெட்டியைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் முதலில் திறந்தது ஒரு பூட்டை. கிரேனுக்கு மின்சாரம் போகும் பெரிய சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமா தன் பங்குக்கு இன்னொரு பூட்டைப் போட்டார். இருவரும் திறந்தால்தான் மின்சாரம் வரும். மேலே ஒருவர் கம்பியைப் பிடித்திருக்கும்போது, கீழே விவரம் தெரியாத ஒருவர் சுவிட்சைத் தட்டிவிடக் கூடாது அல்லவா?

ரிமோட்டுக்கு ஜோடியான ரிசீவர் பெட்டி கிரேன் உத்தரத்தில் உட்கார்ந்தது. ஏற்கெனவே இருந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே அதை வைத்தால் வேலை சுலபமாயிற்றே என்று கேட்டேன். இரும்புக்குள் அலை நுழையாதாம், ஆன்டெனா வெளியே தெரிய வேண்டுமாம். இதுகூடத் தெரியாமல் நான் ஊடகத் துறையில் பட்டம் வாங்கியிருக்கிறேன்!

பிறகு ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து, எண் எழுதிய சின்ன வளையம் மாட்டி, ரிசீவரில் கோர்த்தார். பழைய கேபிள் பெட்டியைக் கழற்றவில்லை. ரிமோட் கெட்டுப்போனால் உதவும். ஆனால் நடுவில் ஒரு சுவிட்ச் வைத்துவிட்டார். ஒன்று இது, இல்லையென்றால் அது. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க முடியாது.

அடுத்து அலைவரிசை. ரிமோட்டின் உள்ளே அரிசி மணி அளவில் எட்டுச் சின்னச் சுவிட்சுகள். ரிசீவரிலும் அதே எட்டு. இரண்டிலும் ஒரே வரிசையாக ஏற்றி இறக்கி வைத்தால் இரண்டும் ஒரே அலைவரிசையில் சந்திக்கும். அதே கிடங்கில், அதே தண்டவாளத்தில் இன்னொரு கிரேன் இருக்கிறது. அதற்கு ஏற்கெனவே ரிமோட் உண்டு. அதன் அலைவரிசையைக் குறித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார் டெக்னீஷியன். இதுபோக ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. ரிசீவர் தன் ஜோடியின் எண்ணைக் கேட்டால்தான் அசையும். பக்கத்து ரிமோட் அதே அலைவரிசையில் வந்தாலும் கிரேன் அதற்குக் கட்டுப்படாது, குழம்பி நின்றுதான் போகும்.

"அப்ப தப்பே நடக்காது, இல்லையா மாமா?" என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. தே தாரிக் வந்தது. குடித்துக்கொண்டே அவர் சொன்ன கதையை, அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கும் மேலே இருக்கும். அப்போது மாமா வேறொரு தொழிற்சாலையில் இருந்தார். அங்கேயும் ஒரே தண்டவாளத்தில் இரண்டு கிரேன்கள். இரண்டுக்கும் ரிமோட், இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே அளவு. காலை பத்து மணித் தேநீர் வேளையில் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்ததும் மாமா ஒன்றை எடுத்தார். தன் கிரேனைப் பார்த்து மேலே ஏறும் பொத்தானை அழுத்தினார். அசையவில்லை. பேட்டரி பலவீனமோ என்று முழுக்க அழுத்தினார். அப்போதும் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ அலறும் சத்தம் கேட்டது.

அவர் கையில் இருந்தது மற்ற கிரேனின் ரிமோட். அந்தக் கிரேனின் கொக்கியில் ஒரு நேப்பாளப் பையன் சிலிங் வாரை மாட்டிக்கொண்டிருந்தான். வார் இறுகியபோது அவன் விரல்கள் குழாய்க்கும் வாருக்கும் நடுவில் இருந்தன. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

"எண்ணெல்லாம் சரியா இருந்துச்சு பாப்பா. ரிமோட் சொன்னதை அதோட கிரேன் ஒழுங்காத்தான் கேட்டுச்சு. நான்தான் தப்பான பெட்டிய எடுத்துட்டேன்."

மாமாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சரி, அவர் பார்த்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் பார்த்தால் வித்தியாசம் தெரியாத இரண்டு பெட்டிகளை ஒரே மேசையில் வைக்கும் பழக்கத்தை யார் அனுமதித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாவியைக் கழற்றாமல், உயிரோடு அதை வைத்துவிட்டுப் போனவர் யார் என்றும் கேட்கவில்லை. சாவி மட்டும் ஒருவர் பையில் இருந்திருந்தால், மாமா எவ்வளவு அழுத்தினாலும் அது வெறும் செங்கல். இதையெல்லாம் சொல்வது நான்தான். மாமா தன்னைத் தவிர யாரையும் குறை சொன்னதில்லை. இந்தக் கம்பெனிக்கு மாறிய பிறகு, ரிமோட் வைத்த கிரேனை ஓட்ட மாட்டேன் என்று இத்தனை வருடம் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார். நாங்களெல்லாம் அதை வயசானவரின் பிடிவாதம் என்று கிண்டல் செய்திருக்கிறோம்.

தேநீருக்குப் பிறகு பூட்டுகளைத் திறந்தார்கள். மின்சாரம் வந்தது. "ஜாங்ஙான் தெக்கான் டூலு" என்று டெக்னீஷியன் கையைத் தூக்கினார். இப்போதைக்கு எதையும் அழுத்தாதே. தரையில் யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "கொசோங்!" என்றார். கொக்கியில் எந்தச் சுமையும் இல்லாமல்தான் முதல் ஓட்டம். சிவப்புப் பொத்தானைத் திருகி விடுவித்து, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் அழுத்தியதும் மேலே 'டக்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு பொத்தானாகப் பாதி அழுத்தம், பிறகு முழு அழுத்தம். கொக்கி உச்சிக்குப் போனால் தானாக நிற்கிறதா என்றும் பார்த்தார்கள்.

அப்புறம்தான் எனக்கான பாடம். கிரேன் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, டெக்னீஷியன் ரிமோட்டிலிருந்து பேட்டரியைச் சட்டென்று உருவினார். ஒரு விநாடி இருக்கும், மேலே 'டக்'. கிரேன் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே?

அதுதான் விஷயம். ரிமோட் ஒரு விநாடிக்குப் பல தடவை, "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்தாத நேரத்திலும் சொல்கிறது. அந்தக் குரல் நின்றால், காரணம் பேட்டரியா, தூரமா, வேறொரு அலையின் இடைஞ்சலா என்று ரிசீவர் யோசிப்பதில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. கிரேனின் பிரேக்கோ தலைகீழ்ப் பிறவி. மின்சாரம் இருக்கும்வரை திறந்திருக்கும், மின்சாரம் போனால் ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு வேலை போகிற அமைதி, இங்கே ஒருவர் விரலைக் காப்பாற்றுகிறது.

ஆனால் மாமா அதோடு விடவில்லை. ஒரு சிறு கட்டுக் குழாயைத் தூக்கி, முழு வேகத்தில் ஓட்டி, நிறுத்தப் பொத்தானைக் குத்தினார். கிரேன் நின்றது. குழாய்க் கட்டு நிற்கவில்லை. ஊஞ்சல் மாதிரி முன்னே போய்ப் பின்னே வந்தது. "பாத்தியா? கிரேன் நிக்கும், சாமான் நிக்காது" என்றார். அதனால்தான் பாதி அழுத்தத்திலேயே கிளப்பி, பாதி அழுத்தத்துக்கு இறக்கி நிறுத்தப் பழக வேண்டும் என்கிறார். சிவப்புப் பொத்தான் அவசரத்துக்கு மட்டும்தான்.

இன்னொரு சிக்கல் எனக்குத் தோன்றவே இல்லை. கேபிளைப் பிடித்து நடந்தவர் எப்போதும் கிரேனோடு இருந்தார். ரிமோட் வந்தால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றால் இடம் வலமாகிவிடும், ஆனால் பொத்தான் மாறாது. அவசரத்தில் விரல் தப்பாகத்தான் போகும். ரிமோட்டில் 'இடம்', 'வலம்' ஸ்டிக்கரை ஒட்டப்போன டெக்னீஷியனை மாமா தடுத்தார். பொத்தான்களுக்கு வட்டம், முக்கோணம், சதுரம் என்று குறி ஒட்டச் சொல்லி, அதே குறிகளை அம்போடு பெரிதாக உத்தரத்தின் அடியில் பெயின்ட் அடிக்க வைத்தார். எங்கே நின்றாலும் தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். எங்கே நிற்கக் கூடாது என்பதற்கு மட்டும் பெயின்ட் தேவையில்லையாம்: சுமைக்குக் கீழேயும், சுமைக்கும் சுவருக்கும் நடுவிலேயும்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேடிப் படித்தேன். 2019இல் டிரெண்ட் மைக்ரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இந்த ரிமோட்டுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. சில வகை ரிமோட்டுகளின் அலையைப் பதிவு செய்து, திரும்ப ஒலிபரப்பியே வெளியாள் கிரேனை அசைக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். எங்கள் நிலையத்துப் பாட்டை யாரோ டேப்பில் பிடித்துப் போடுவது மாதிரிதான். ரிமோட் வாங்கும் முதலாளிகள் விலையோடு சேர்த்து இதையும் கேட்டால் நல்லது. எம்சிஎம்சி முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, தெரிந்த வயர்மேனை வைத்து மாட்டுகிறவர்களும் உண்டாம். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அலையத் திருடுறவன் வரட்டும் பாத்துக்கலாம், மொதல்ல மேசையில கெடக்கிற சாவிய எடுக்கச் சொல்லு" என்றார்.

அன்று சாயந்திரம் டெக்னீஷியன் கிளம்பிய பிறகும் மாமா கிளம்பவில்லை. புது ரிமோட்டின் இடுப்பு வாரில் பச்சை டேப்பைச் சுற்றினார். கிரேனின் கொக்கிக்கு மேலேயும் அதே பச்சை. பக்கத்துக் கிரேனுக்கும் அதன் ரிமோட்டுக்கும் நீலம். மேசையில் வைக்கக் கூடாது என்று இரண்டுக்கும் தனித்தனி அலமாரி, தனித்தனிப் பூட்டு. ரிமோட்டை வைக்கும்போது சிவப்பை அழுத்தி, சாவியைக் கழற்றிப் பையில் போட வேண்டும். அடுத்த வருடம் தன் இடத்துக்கு வரப்போகும் வங்காளதேசத் தம்பியை நிற்க வைத்து, இதை மட்டும் பத்துத் தடவை செய்யச் சொன்னார். அவன் ஏழாவது தடவையில் சாவியை மறந்தான். மாமா திட்டவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்.

போன புதன்கிழமை காலை நிகழ்ச்சியில், நான் தப்பான குமிழை இறக்கிவிட்டேன். மூன்று விநாடி சத்தமில்லை. பொறியாளர் வழக்கம்போல் முறைத்தார். அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "சத்தத்தைக் காணோமே பாப்பா, பிரேக் புடிச்சிருச்சா?"