அலர்ட் யாருக்குப் போகுது?



என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பர்கள் பலருக்கு இப்போ ஒரே கனவுதான்: ஏஐ வளர்ந்துகிட்டே போகுது, அதை வெச்சு ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு மட்டும் ஒரு கருவி செய்து விற்கணும். நான் அதைக் கேலி பண்ணவில்லை. அந்தக் கருவியை யார் வாங்குறாங்க என்று மட்டும் கேட்கிறேன்.

சென்னையிலேயே உதாரணம் இருக்கு. ஐஐடி மெட்ராஸில் உருவான டிடெக்ட் டெக்னாலஜீஸ், ஆலைக் குழாய்கள் எங்கே அரித்து மெலிகின்றன என்பதை மீயொலி அலைகளால் கண்டறியும் சென்சாரோடு தொடங்கியது. அடுத்து டி-பல்ஸ்: ஆலையின் கேமராக் காட்சிகளை ஏஐ பார்த்து, ஹெல்மெட் போடாதது போன்ற ஆபத்துகளைப் பிடித்து அலர்ட் அனுப்பும். குழாய் வெடிக்காமல் இருந்தால் நம்ம ஆட்கள் பிழைப்பார்கள். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் நான் பிறந்த ஃபஹாஹீலில் நின்று பாருங்கள். பக்கத்தில் மினா அல் அஹ்மதி சுத்திகரிப்பு ஆலை. இன்னொரு பக்கம் மங்காஃப். அங்கே 2024 ஜூன் 12 விடியற்காலையில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து சுமார் 50 பேர் இறந்தார்கள். 45 பேர் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மின்கசிவு என்றார்கள். வேலையிடத்தை இமைக்காமல் பார்க்கும் ஏஐக்குச் சந்தை இருக்கு. தொழிலாளி தூங்கும் கட்டடத்தின் வயரிங்கைச் சோதிக்கும் ஏஐக்குக் காசு கொடுக்க ஆளில்லை.

குவைத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, காலை 11 முதல் மாலை 4 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. ஹெல்மெட்டைத் தேடும் கேமராவுக்கு, மதியம் 1 மணிக்கு வெயிலில் நிற்பவரும் தெரிவார். அந்த அலர்ட் போவது கம்பெனிக்குத்தான். தட்டிக்கேட்கச் சங்கம் வைக்கலாமா? அந்த உரிமை குவைத்திகளுக்கு மட்டும். நம்ம ஆள் விசா முதலாளி கையில்.

"வாங்க ஆளில்லாததை யார் செய்வா?" என்பார்கள். ஐஐடி மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. மினா அல் அஹ்மதி அரசு நிறுவனத்தின் ஆலை. பொதுப்பணம் இருக்கும் இடத்தில் நிபந்தனை போடலாம்: அலர்ட் தொழிலாளியின் போனுக்கும், அவர் மொழியில் போகணும். அந்தப் பதிவை வைத்துச் சம்பளம் பிடிக்கவோ ஊருக்கு அனுப்பவோ கூடாது. மதிய வேலைத் தடையை மீறினால் பதிவு தொழிலாளர் துறைக்கு நேராகப் போகணும்.

உங்க நண்பர் ஸ்டார்ட்அப் தொடங்கினால் வாழ்த்துங்கள். கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள்.