வண்ணக் கிண்ணமும் தமிழ் வகுப்பும்

வாரத்தில் இரண்டு மணி நேரமே கிடைக்கும் தமிழ் வகுப்பில், பாலர்களின் கையில் தூரிகையும் வண்ணக் கிண்ணமும் கொடுப்பது வீண் பொழுதுபோக்கு என எண்ணும் பெற்றோர் உளர். அவர்தம் கவலை நியாயமானதே. எழுத்தும் சொல்லும் கற்பிக்கவே நேரம் போதவில்லை. எனினும் நாம் இதனை வேறுவிதமாக நோக்குகின்றோம்.

ஐந்து வயதுக் குழந்தை "ஏன்?" என்று கேட்கும்போது, எம்மொழியில் விடை கிடைக்கின்றதோ அம்மொழியிலேயே அது மேலும் கேட்கப் பழகும். புலம்பெயர்ந்த நாட்டில் அவ்விடை பெரும்பாலும் வேற்றுமொழியில்தான் கிடைக்கின்றது. தமிழுக்கு எஞ்சுவது மனனமும் மேடைப் பேச்சுமே.

மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை வரும். மஞ்சள் வர்ணம் நீல ஒளியை உறிஞ்சுகின்றது. நீல வர்ணம் செவ்வொளியை உறிஞ்சுகின்றது. இரண்டுக்கும் தப்பிய பச்சை ஒளியே எம் கண்ணை அடைகின்றது. ஒளிகளையே கலந்தாலோ கதை வேறு: செவ்வொளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தோன்றும். இவ்விளக்கமும், 1666இல் நியூட்டன் அரியத்தின் ஊடாக வெண்ணொளியைப் பிரித்த வரலாறும் மூத்த மாணவர்க்கு உரியன. பாலர்களுக்கோ கலந்தது, கரைந்தது, பரவியது, பிரிந்தது என்னும் வினைச்சொற்களே போதும். நீரில் கரையும் கறுப்பு மையால் வடிதாளில் ஒரு புள்ளியிட்டு, தாளின் ஓரத்தை நீரில் தோய்த்தால், கறுப்பு பல நிறங்களாகப் பிரிந்து மேலேறும். அதைக் கண்ட குழந்தையிடம் "பிரிந்தது" என்னும் சொல்லைப் பத்து முறை எழுதுவிக்க வேண்டியதில்லை.

செம்மையும் மஞ்சளும் சேர்ந்து செம்மஞ்சள் ஆவதில் இலக்கணமும் கிண்ணமும் ஒருங்கே நிற்கின்றன. (புணர்ச்சி விதியைக் கண்டு அஞ்சும் மூத்த வகுப்பினரையும் இதற்கு அழைக்கலாம்.)

செலவும் பெரிதன்று. ஆரத்தி நீர் ஏன் சிவக்கின்றது என்று எத்தனை வீடுகளில் குழந்தைகள் கேட்டிருப்பர்! மஞ்சள் காரத்துடன் சேரும்போது சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு கண்ணுக்குக் கேடானது; ஆதலால் பாலர்களின் கையில் அப்பச்சோடாவைக் கொடுப்பதே தகும். நிறம் சற்றுக் கபிலமாகவே வரும். பழைய சட்டை அணிவித்து அனுப்புமாறு பெற்றோருக்கு முதல் வாரமே அறிவித்துவிட வேண்டும். மஞ்சட்கறை எளிதில் போகாது.