முடிக்கு எண்ணெய் வாங்கும் முன் ரத்தத்தைப் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசிங்க.

போன மாதம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். பட்டாசு ஆபீசில் வேலை. பள்ளிக்கு இரட்டைச் சடை மடித்துக் கட்டி வருவாள், அவ்வளவு முடி. இப்போது சடை விரல் தடிமன்கூட இல்லை. "சீப்பு வச்சாலே கொத்துக் கொத்தா வருது டீச்சர். நீங்க சயின்ஸ் டீச்சர்தானே, நல்ல எண்ணெயா ஒண்ணு சொல்லுங்க" என்றாள். ஏற்கெனவே நானூறு ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கித் தீர்த்தாச்சாம்.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்றேன். "ஏழு மணிக்கு வேன் வந்துரும் டீச்சர். ஒரு டீதான். பத்து மணிக்கு இன்னொரு டீ, ஒரு வடை." மத்தியானம் சோறும் ரசமும். ராத்திரி எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருப்பது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். ஹீமோகுளோபின் 8.4. குறைந்தது 12 இருக்க வேண்டும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர்கள் படிக்கும்போது வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். வயிற்றைப் பிரட்டுது என்று பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசிவிடுவார்கள். எனக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் டிக் போட்டுவிட்டு பாடத்தைத் தொடங்கிவிடுவேன். சாப்பிட்டபின் போட்டால் அவ்வளவாகப் பிரட்டாது, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

தலைமுடி என்பது கெரட்டின் என்ற புரதம். அது வளர்வது தோலுக்குள் இருக்கும் வேரில். அந்த வேருக்குச் சாப்பாடு போவது ரத்தத்தின் வழியாக. மேலே தடவும் எண்ணெய் முடியை வழவழப்பாக்கும், உடையாமல் காக்கும். வேருக்குச் சோறு போடாது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொட்டினால் முதலில் தட்டைப் பாருங்க.

இது ஒரு பெண்ணின் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பெண்ணுக்கு 29 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கூடுதலாக வேண்டியவள்தான் நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறாள்.

நம் கரிசல் மண்ணிலேயே மருந்து இருக்கிறது. 100 கிராம் கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து. தீட்டிய அரிசியில் ஒன்றுகூட இல்லை. ராத்திரி காய்ச்சிய கம்மங்கூழை மோரில் கரைத்துத் தூக்குவாளியில் எடுத்துப் போனால் வேன் வந்தாலும் கவலையில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். ஒரு கை வறுத்த நிலக்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவு. வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. கீரையில், தானியத்தில் உள்ள இரும்பு உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க.

எல்லா முடி உதிர்வுக்கும் சாப்பாடே காரணம் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், பிறகு தானே வளரும். தைராய்டும் காரணமாகலாம். ஆண்களுக்கு வரும் வழுக்கை பெரும்பாலும் வம்சவழி, என் தம்பிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். பயோட்டின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீங்க. அந்தச் சத்துக் குறைவு அபூர்வம். தைராய்டு டெஸ்ட் முடிவையும் அது மாற்றிக் காட்டிவிடும். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் கீரையை மட்டும் நம்பாமல் டாக்டர் சொல்லும் மாத்திரையைச் சொன்ன மாதங்களுக்குப் போடுங்க.

பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்று பள்ளியில் சோறு போட்ட காமராஜர் பிறந்தது நம் விருதுநகரில். பள்ளியில் படித்தவரை அந்தப் பிள்ளைக்கு முட்டை கிடைத்தது. வேலைக்குப் போய் சம்பாதிக்க ஆரம்பித்தபின் நின்றுபோனது. இதை நாம் யோசிக்க வேண்டாமா? மாமியார்களே, மாப்பிள்ளைகளே, ராத்திரி அவளையும் உட்கார வைத்துச் சேர்ந்து சாப்பிடுங்க. ஆபீஸ் நடத்தும் என் மாணவர்களே, காலை டீயோடு ஒரு அவித்த முட்டை கொடுங்க. பெரிய செலவில்லை.

நேற்று அவள் போன் பண்ணினாள். மாத்திரை போடுகிறாளாம், கூழ் கொண்டு போகிறாளாம். "இன்னும் கொட்டுது டீச்சர்" என்றாள். "மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் முடி வளரும், பொறு தாயி. மூச்சு வாங்குறது எப்படி இருக்கு?" என்றேன். "மாடிப்படி ஏறினா இப்ப வாங்கல டீச்சர்."

எனக்கு அது போதும். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெண்களைக் கூட்டிப் போய் ரத்தம் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. பார்த்துவிட்டு எனக்கும் ஒரு போன் போடுங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்